வாகன இருக்கையைத் துப்புரவாக்குதலும் பதப்படுத்துதலும்

இந்தப் பாடத்தில் நீங்கள் அறியப்போவது:
- பழைய வாகனத்தில் கை வைப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை
- இருக்கையின் உறை தோலா, றெக்சினா என்று அடையாளம் காணுதல்
- பூஞ்சணம், உப்பு, எலிக்கழிவு ஆகியவற்றைப் பாதுகாப்பாக நீக்குதல்
- தோலுக்கு எண்ணெய்ப் பசை கொடுத்து மீண்டும் மிருதுவாக்குதல்
- மழையிலும் வெயிலிலும் இருக்கையைப் பேணுதல்

ஊர் திரும்பிய பல குடும்பங்களுக்கு வாகனமே முதலாவது முதலீடு. ஓட்டோ இருந்தால் வாடகைக்கு ஓடலாம். மோட்டார் சைக்கிள் இருந்தால் மீன், மரக்கறி கொண்டுபோய் விற்கலாம். சைக்கிள் இருந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், நீங்கள் கூலி வேலைக்குப் போவீர்கள். எஞ்சினைத் திருத்துவதில் எல்லோரும் அக்கறை காட்டுகிறோம். இருக்கையைப் பெரும்பாலும் கடைசியில்தான் பார்க்கிறோம். ஆனால் பூஞ்சணம் பிடித்து மணக்கும் ஓட்டோவில் இரண்டாம் முறை ஏற எவரும் விரும்பமாட்டார்கள். வெடித்த சீற்றில் மழைநீர் இறங்கி உள்ளே இருக்கும் தகட்டையும் துருப்பிடிக்கச் செய்யும். புதிய உறை போடுவதற்குக் காசு வேண்டும். இருக்கும் உறையைக் காப்பாற்றுவதற்கு ஒரு நாள் உழைப்பும் வீட்டில் உள்ள சில பொருட்களும் போதும்.

1. கை வைப்பதற்கு முன்

இந்தப் பகுதியை வாசிக்காமல் அடுத்த பகுதிக்குப் போகவேண்டாம்.

2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் உழவு இயந்திரங்களிலும் லான்ட்மாஸ்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பொருட்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து, இறுதியில் பலர் வாகனங்களை விட்டுவிட்டு நீரேரியைக் கால்நடையாகவே கடந்தார்கள். அப்படி விடப்பட்ட வாகனங்கள் மழையிலும் வெயிலிலும் கிடந்தன. அவற்றின் அருகிலும், அடியிலும், சில வேளைகளில் இருக்கையின் கீழும் வெடிக்காத எறிகணைகள், கைக்குண்டுகள், வயர்கள் இருக்கலாம்.

ஆகவே:
- மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிசெய்யப்படாத இடத்தில் வாகனம் கிடந்தால், அது உங்களுடையதே என்றாலும் அதை எடுக்கப் போகாதீர்கள். மண்டையோட்டுக் குறி இடப்பட்ட சிவப்பு அறிவித்தல் பலகையையோ எச்சரிக்கை நாடாவையோ கடக்காதீர்கள்.
- வெளியில் கிடந்து வந்த வாகனத்தின் இருக்கையை நீங்களே தூக்கிப் பார்க்காதீர்கள். கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ முதலில் அறிவியுங்கள். உங்கள் பகுதியில் மிதிவெடி அகற்றும் பணியில் இருப்பவர்களிடமும் சொல்லலாம். அவர்கள் பார்த்து, ஆபத்தில்லை என்று சொன்ன பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.
- வேலை நடுவில் சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாதீர்கள், அசைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். வந்த வழியாலேயே திரும்பி விலகுங்கள். மற்றவர்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, விலக்கி வையுங்கள். 119 என்ற பொலிஸ் இலக்கத்துக்கு அறிவியுங்கள்.
- பழைய இரும்பு சேர்ப்பவர்கள் கொண்டுவரும் சீற் தகடுகள், கம்பிச் சுருள்கள் எங்கிருந்து வந்தவை என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

இந்தப் பாடம் துப்புரவு பற்றியது மட்டுமே. வெடிபொருளைப் பரிசோதிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

2. யாருடைய வாகனம்? உள்ளே யாருடைய பொருள்?

வாகனத்தின் அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் முதலில் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். சில வாகனங்களில் இந்த இலக்கங்கள் இருக்கைக்கு அருகிலோ அடியிலோ இருக்கும். கம்பித் தூரிகையால் பலமாகத் தேய்த்தால் இலக்கம் அழிந்துபோகலாம். மெதுவாகத் துடையுங்கள். பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி கேட்பதற்கு இந்த இலக்கங்கள் தேவைப்படும். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தை நாடுங்கள்.

இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் பலர் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படங்கள் ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி இருக்கையின் அடியில் செருகி வைத்தார்கள். உறையைக் கழற்றும்போது அப்படி ஏதும் கிடைத்தால் எறியாதீர்கள், எரிக்காதீர்கள். நனைந்த தாள்களைப் பிரித்து இழுக்காமல் நிழலில் அப்படியே உலரவிடுங்கள். உலர்ந்த பின் மெல்லப் பிரியுங்கள். உங்களுடையவை அல்லாதவற்றைக் கிராம அலுவலரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது ஒரு பழைய தாள். யாரோ ஒரு தாய்க்கு அது தன் பிள்ளையின் ஒரே படமாக இருக்கலாம்.

மனித எச்சம் என்று ஐயப்படும் எதையும் கண்டால் தொடாமல், இடத்தை மாற்றாமல், உடனே அறிவியுங்கள்.

3. தோலா, றெக்சினா?

பராமரிக்கும் முறை இதைப் பொறுத்தே மாறும். தோலுக்கு நல்லது றெக்சினுக்குக் கெடுதல்.

தோல்: பழைய றலி, ஹம்பர் சைக்கிள்களின் இருக்கைகளில் தடித்த தோலைக் காணலாம். 1990களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் சிலவற்றிலும் தோல் இருக்கைகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து பாவித்த நிலையில் இறக்கிய சில வான்களிலும் கார்களிலும் மெல்லிய, நிறம் பூசிய தோல் இருக்கும்.

றெக்சின்: ஓட்டோ, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், பஸ் ஆகியவற்றில் பெரும்பாலும் இதுவே. றெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் தன் பூச்சுத் துணிக்கு வைத்த பெயர். இன்று நாங்கள் அப்படி அழைப்பது துணியின் மேல் பிளாஸ்ரிக் பூசிய உறையை.

அடையாளம் காணும் வழிகள்:
- உறையின் உட்பக்கத்தைப் பாருங்கள். தோலின் உட்பக்கம் நார் நாராக, மெல்லிய மயிர் போல இருக்கும். றெக்சினின் உட்பக்கத்தில் நெய்த துணி தெரியும்.
- வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோல் ஒரே பொருளாக இருக்கும். றெக்சினில் துணியும் பிளாஸ்ரிக்கும் இரண்டு படைகளாகத் தெரியும்.
- மறைவான இடத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். பூச்சில்லாத தோல் சிறிது நேரத்தில் நீரை உறிஞ்சிக் கறுக்கும். றெக்சினில் துளி அப்படியே நிற்கும். நிறம் பூசிய தோலிலும் துளி நிற்கக்கூடும், ஆகவே உட்பக்கத்தையும் பாருங்கள்.

நெருப்பு வைத்துப் பார்க்க வேண்டாம். றெக்சின் எரியும்போது வரும் புகை நஞ்சு.

4. தோல் ஏன் வெடிக்கிறது?

தோல் என்பது பின்னிப்பிணைந்த நார்களின் கூட்டம். பதனிடும்போது அந்த நார்களுக்கிடையே எண்ணெய் ஏற்றப்படுகிறது. அந்த எண்ணெய் இருக்கும்வரை நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், தோல் வளையும். வெயிலில் எண்ணெய் வற்றினால் நார்கள் உரசி அறும். அதுவே நீங்கள் காணும் வெடிப்பு.

பதனிடுதல் எங்களுக்குப் புதிதல்ல. வன்னியில் வேலியோரத்திலும் பற்றைக்காட்டிலும் மஞ்சள் பூப்பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையைத்தான் தமிழ்நாட்டில் நெடுங்காலம் தோல் பதனிடப் பாவித்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இன்றும் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. இப்படி மரப்பட்டையால் பதனிட்ட தோலில் துருப்பிடித்த இரும்பின் நீர் பட்டால் கறுப்புக் கறை விழும். அந்தக் கறையைத் தேய்த்து நீக்க முடியாது. தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் தேயும். ஆகவே துருப்பிடித்த வாளியில் எடுத்த நீரைத் தோலுக்குப் பாவிக்காதீர்கள்.

பதனிட்ட தோல் இலேசான புளிப்புத் தன்மை உடையது. துணி தோய்க்கும் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. காரம் பட்டால் தோலின் எண்ணெய் கழன்று, நிறம் மங்கி, விறைக்கும். ஷாம்பு காரம் குறைந்தது. அதனால்தான் கீழே ஷாம்பு பாவிக்கச் சொல்கிறோம்.

5. தேவையான பொருட்கள்

- உவரில்லாத சுத்தமான தண்ணீர், 2 பிளாஸ்ரிக் வாளிகள்
- சிறிய ஷாம்பு பைக்கற்
- பழைய பருத்திச் சேலை அல்லது சாரத் துண்டுகள், குறைந்தது 5
- பழைய பற்தூரிகை, மிருதுவான உடுப்புத் தூரிகை
- மருந்துக்கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்
- அப்பச்சோடா
- ஆமணக்கெண்ணெய், தேன்மெழுகு (தோல் இருந்தால் மட்டும்)
- இறப்பர் கையுறை, மூக்கையும் வாயையும் மூடுவதற்குத் துணி

6. முதல் வேலை: உயிரிகளும் கழிவும்

நீண்ட நாள் கிடந்த இருக்கைக்குள் எலி, தேள், புடையன், விரியன் இருக்கலாம். தடியால் தட்டி, சற்று நேரம் விட்டு, பின்னர் வெளிச்சத்தில் கழற்றுங்கள். கையை உள்ளே விட்டுத் துழாவாதீர்கள். பாம்பு கடித்தால் வெட்டவோ, இறுக்கிக் கட்டவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். காலில், கையில் உள்ள சிறு காயம் வழியாகவும் கிருமி உட்செல்லும். கையுறை இல்லையெனில் இரண்டு பொலித்தீன் பைகளைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். எலிப்புழுக்கையைக் காய்ந்த நிலையில் கூட்டாதீர்கள், தூசி மூச்சில் போகும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் அள்ளிப் புதையுங்கள். வேலை முடிந்து சில நாட்களிலோ இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளோ கடும் காய்ச்சல், தசைநோ, கண் சிவத்தல் ஏற்பட்டால் வைத்தியரிடம் போங்கள். எலி இருந்த பொருளைத் துப்புரவாக்கியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மோட்டார் சைக்கிளின் பற்றரி பெரும்பாலும் இருக்கைக்கு அருகிலேயே இருக்கும். அங்கே வெள்ளை அல்லது நீலத் தூள் படிந்திருந்தால் அது பற்றரி அமிலத்தின் விளைவு. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து அந்த இடத்தில் விடுங்கள். நுரை அடங்கும்வரை விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் நீண்ட நேரம் கழுவி வைத்தியசாலைக்குப் போங்கள்.

7. பூஞ்சணத்தை நீக்குதல்

வெண்ணிறமாகவோ பச்சையாகவோ பொடிபோலப் படிந்திருப்பது பூஞ்சணம். ஈரமும் அழுக்கும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் அது வளரும். அதன் தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. கொட்டிலுக்குள் வைத்துத் தட்டாதீர்கள்.

1. இருக்கையை வெளியே, கிணற்றுக்கும் சமையலிடத்துக்கும் தூரமாகக் கொண்டுபோங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள்.
2. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மிருதுவான தூரிகையால் காய்ந்த பூஞ்சணத்தைத் தட்டுங்கள்.
3. ஸ்பிரிற்றையும் தண்ணீரையும் சம அளவு கலந்து துணியில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள். நிறம் துணியில் ஒட்டினால் நிறுத்துங்கள். ஸ்பிரிற் தீப்பற்றும். அடுப்பு, சுருட்டு, குப்பிவிளக்கு அருகில் வேண்டாம்.
4. தையல் ஓரங்களைப் பற்தூரிகையால் துடையுங்கள். பூஞ்சணம் அங்கிருந்துதான் மீண்டும் வளரும்.
5. காற்றோட்டமான நிழலில் உலரவிடுங்கள். துடைத்த துணிகளைக் கொதிநீரில் அவியுங்கள்.

கிணறு சுத்திகரிக்கத் தந்த குளோரின் தூளைத் தோலுக்குப் பாவிக்காதீர்கள். அது நாரை அரிக்கும். குளோரினுடன் வினாகிரியையோ வேறு எந்தத் துப்புரவுப் பொருளையோ கலக்கவும் வேண்டாம். நச்சுவாயு எழும்.

8. தோலைத் துப்புரவாக்குதல்

1. உலர்ந்த துணியால் கிரவல் தூசியை முழுவதும் துடையுங்கள். மணலோடு ஈரத்துணியைத் தேய்த்தால் அது அரத்தாள் போலத் தோலைக் கீறும்.
2. 1 லீற்றர் தண்ணீரில் 1 தேக்கரண்டி ஷாம்பு கலந்து நுரைக்க விடுங்கள்.
3. துணியை நுரையில் தோய்த்து நன்றாகப் பிழியுங்கள். துணி ஈரமாக இருக்கவேண்டும், சொட்டக் கூடாது.
4. ஒரு நேரத்தில் ஒரு சாண் அளவு இடத்தை மட்டும் வட்டமாகத் துடையுங்கள். துணி அழுக்கானதும் மடித்துச் சுத்தமான பக்கத்தைப் பாவியுங்கள்.
5. சுத்தமான தண்ணீரில் பிழிந்த வேறொரு துணியால் ஷாம்பு முழுவதையும் எடுத்துவிடுங்கள்.
6. உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் குறைந்தது ஒரு நாள் உலரவிடுங்கள்.

முல்லைத்தீவுக் கரையோரத்திலும் நந்திக்கடல் பக்கத்திலும் கிடந்த இருக்கைகளில் உப்புப் படிந்திருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அப்படிப்பட்ட தோல் ஒருபோதும் முழுதாக உலராது. 5ஆம் படியை நல்ல தண்ணீரால் 3 அல்லது 4 முறை செய்யுங்கள். உலர்ந்த பின் மீண்டும் வெள்ளை தெரிந்தால் இன்னொரு முறை செய்யுங்கள்.

ஈரத் தோலை அடுப்புக்குப் பக்கத்திலோ கொளுத்தும் வெயிலிலோ வைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது சூடு பட்டால் நார்கள் சுருங்கிவிடும். சுருங்கிய தோல் மீண்டும் விரியாது.

9. பதப்படுத்துதல்

கடையில் தோலுக்கென விற்கும் களிம்பு கிடைத்தால் அதுவே இலகு. கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். தேன்மெழுகுக்கு வன்னியில் குறைவில்லை. காட்டுத்தேன் எடுப்பவர்களிடம் கேளுங்கள்.

செய்முறை:
- தேன்மெழுகு 1 பங்கு, ஆமணக்கெண்ணெய் 3 பங்கு எடுங்கள்.
- பெரிய பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் சிறிய தகரப்பேணியை வைத்து மெழுகை உருக்குங்கள். மெழுகு 60 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டியதும் உருகும். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பற்றும்.
- எண்ணெயை ஊற்றிக் கலக்கி, இறக்கி ஆறவிடுங்கள். களிம்பாக இறுகும்.

பூசும் முறை:
1. தோல் முழுதாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் பூஞ்சணம் உள்ளே அடைபடும்.
2. மறைவான இடத்தில் பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தோல் சற்றுக் கறுப்பது வழமை.
3. பட்டாணி அளவு களிம்பைத் துணியில் எடுத்து மெல்லியதாகப் பரப்புங்கள்.
4. ஓர் இரவு விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.
5. மிகவும் வரண்ட தோலுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு மெல்லிய பூச்சுக் கொடுங்கள். ஒரே நாளில் தடிப்பாகப் பூசுவதால் பலனில்லை.

நிறம் பூசிய கார்த் தோலில் களிம்பு அதிகம் இறங்காது. அதற்கு மிகச் சிறிதளவு போதும்.

தேங்காயெண்ணெய் பூசலாமா என்று பலர் கேட்பார்கள். அவசரத்துக்கு ஒரு துளி பூசினால் கெட்டுவிடாது. ஆனால் நாட்போக்கில் அது சிக்கு மணம் பிடிக்கும், எறும்பையும் எலியையும் கூப்பிடும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். இரண்டையும் வழக்கமாக்க வேண்டாம்.

சைக்கிளின் தோல் இருக்கை: இது பஞ்சில்லாமல் இரண்டு முனைகளில் இழுத்துக் கட்டிய தோல். நனைந்திருக்கும்போது ஏறி ஓடினால் பள்ளம் விழுந்துவிடும். உலரும்வரை காத்திருங்கள். களிம்பை மேற்பக்கமும் அடிப்பக்கமும் பூசுங்கள், ஆனால் அளவாக. எண்ணெய் கூடினால் தோல் தொய்யும். தொய்ந்திருந்தால் மூக்குப் பக்கத்தின் அடியில் உள்ள இறுக்கும் நட்டை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். அதிகம் இறுக்கினால் ஆணி அடித்த இடத்தில் தோல் கிழியும்.

10. றெக்சின் இருக்கை

றெக்சினை மிருதுவாக வைத்திருப்பது பிளாஸ்ரிக்கோடு கலந்துள்ள ஒரு எண்ணெய்ப் பொருள். வெயிலில் அது மெல்ல வெளியேறும். மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் அதைக் கரைத்து எடுத்துவிடும். முதல் நாள் பளபளக்கும், சில மாதங்களில் ஓடு போல வெடிக்கும்.

- தூசி தட்டி, ஷாம்பு நீரால் அல்லது இலேசான சவர்க்கார நீரால் தூரிகைகொண்டு கழுவலாம்.
- தையல் துவாரங்களால் தண்ணீர் இறங்காதபடி குறைந்த நீரைப் பாவியுங்கள்.
- நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்துங்கள். களிம்பு, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.
- எலி இருந்த றெக்சின் உறையை மிகவும் நீர்த்த குளோரின் கரைசலால் துடைத்து, 10 நிமிடத்தின் பின் கழுவிவிடலாம். தகட்டில் படாமல் பாருங்கள், துருப்பிடிக்கும்.
- சிறு வெடிப்பை உடனே உட்பக்கமிருந்து துண்டு வைத்து ஒட்டுங்கள். சைக்கிள் ரியூப் ஒட்டும் பசையைச் சிறு துண்டில் சோதித்துப் பார்த்துப் பாவிக்கலாம்.

11. உள்ளே இருக்கும் பஞ்சு

உறை சுத்தமாகி, உள்ளே ஈரம் இருந்தால் செய்த வேலை முழுவதும் வீண். கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தாலோ புளித்த மணம் வந்தாலோ உறையைக் கழற்றத்தான் வேண்டும்.

மோட்டார் சைக்கிள் சீற்றின் அடித்தட்டில் உறையைச் சிறு கம்பி ஊசிகளால் அடித்திருப்பார்கள். தட்டையான திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கிளப்புங்கள். ஊசிகளை ஒரு பேணியில் போடுங்கள், நிலத்தில் விட்டால் பிள்ளைகளின் காலில் ஏறும். பஞ்சைச் ஷாம்பு நீரில் அமுக்கிக் கழுவி, பிழியாமல் துணிகளுக்கிடையே வைத்து அழுத்தி நீரை எடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு பிய்யும். நிழலில் 2, 3 நாள் திருப்பித் திருப்பிக் காயவிடுங்கள். தும்பு அடைத்த பழைய இருக்கையாயின் தும்பை வெயிலில் உலர்த்தலாம். தொட்டால் மாவாக உதிரும் பஞ்சை வைத்திருக்க வேண்டாம், மாற்றுங்கள்.

மண்ணெண்ணெய் மணம் பிடித்த பஞ்சிலும் றெக்சினிலும் அப்பச்சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டுங்கள். சில நாட்கள் காற்றில் வைத்தால் மணம் குறையும்.

12. ஆண்டு முழுவதும் பேணுதல்

ஐப்பசி முதல் தை வரை: வடகீழ்ப் பருவமழைக் காலம், பூஞ்சணத்தின் காலமும் இதுதான். வாகனத்தைத் தறப்பாளால் இறுக்கிச் சுற்றிக் கட்டாதீர்கள். நிலத்து ஈரம் உள்ளே அடைபட்டு இருக்கை அவியும். நான்கு தடி நட்டு, தறப்பாளை மேலே கூரை போல விரித்து, பக்கங்களில் காற்றுப் போக விடுங்கள். வாரம் ஒரு முறை இருக்கையைத் துடையுங்கள். வெயில் எறித்தால் கதவுகளைத் திறந்து விடுங்கள்.

மாசி முதல் புரட்டாதி வரை: வெயிலும் தூசியும். சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் வீதியின் தூசி தையலுக்குள் ஏறி நூலை அறுக்கும். நாளுக்கு ஒரு முறை உலர்ந்த துணியால் தட்டுங்கள். நிறுத்தும்போது வேம்பு, புளி, மா நிழலைத் தேடுங்கள். நிழல் இல்லாவிட்டால் பழைய சாக்கையோ சேலையையோ சீற்றின்மேல் போடுங்கள்.

தோலுக்குக் களிம்பு ஆண்டுக்கு 2 முறை போதும்: மழை தொடங்குமுன் புரட்டாதியில் ஒன்று, மழை ஓய்ந்து தோல் நன்றாக உலர்ந்தபின் மாசியில் ஒன்று.

வேப்பிலை வைத்தால் பூச்சி ஓரளவு விலகும். ஆனால் வேப்பிலை ஈரத்தைப் போக்காது. இருக்கையில் சாப்பாட்டு மீதி, நெல், அரிசி சிந்தாமல் பார்த்தாலே எலி பாதி குறையும்.

13. இது ஒரு தொழிலும் ஆகலாம்

தையல் இயந்திரம் கிடைத்த சகோதரிகள் கவனியுங்கள். சட்டை, பாவாடை தைப்பவர்கள் ஊரில் பலர் இருப்பார்கள். சீற் உறை தைப்பவரைத் தேடி வவுனியாவுக்கோ கிளிநொச்சி நகருக்கோ போகவேண்டியிருக்கும். றெக்சின் தைப்பதற்கு 16 அல்லது 18ஆம் இலக்க ஊசியும் நைலோன் நூலும் வேண்டும். தையலை நெருக்கமாகப் போடாதீர்கள். நெருங்கிய துவாரங்கள் முத்திரை கிழிப்பது போல உறையைக் கிழித்துவிடும். பழைய உறையைப் பிரித்து, அதையே மாதிரியாக வைத்துப் புதியதை வெட்டுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் இலக்கம் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் சைக்கிள் சீற் உறையில் பழகி, பின்னர் மோட்டார் சைக்கிள், அதன்பின் ஓட்டோ என்று போகலாம். மெல்லிய வீட்டு இயந்திரத்தில் நான்கு படைகளை ஒன்றாகத் தைக்க முயலாதீர்கள், ஊசி முறிந்து கண்ணில் தெறிக்கும்.

மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ இருவர் சேர்ந்து, ஒருவர் துப்புரவாக்க, மற்றவர் தைக்க என்று பிரித்துச் செய்தால் வேலை இலகு.

14. உங்களை நீங்களே சோதியுங்கள்

குடும்பமாக இருந்து இந்த வினாக்களுக்கு விடை சொல்லிப் பாருங்கள்.

வினா 1: பற்றைக்குள் உங்கள் பழைய மோட்டார் சைக்கிள் கிடப்பதைக் காண்கிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?
விடை: கிட்டப் போகமாட்டோம். வந்த வழியால் திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிப்போம்.

வினா 2: இருக்கையின் உட்பக்கத்தில் நெய்த துணி தெரிகிறது. களிம்பு பூசலாமா?
விடை: கூடாது. அது றெக்சின்.

வினா 3: நனைந்த தோல் இருக்கையை வெயிலில் வைத்தால் விரைவாக உலருமே, ஏன் வைக்கக் கூடாது?
விடை: ஈரத்தோடு சூடு சேர்ந்தால் தோல் சுருங்கி விறைக்கும்.

வினா 4: மழைக்காலத்தில் தறப்பாளை எப்படிப் போடுவீர்கள்?
விடை: சுற்றிக் கட்டாமல், காற்றுப் போகும்படி கூரையாக.

வினா 5: சீற்றின் அடியில் இன்னொருவரின் அடையாள அட்டை கிடைக்கிறது. என்ன செய்வீர்கள்?
விடை: நிழலில் உலர்த்தி, கிராம அலுவலரிடம் கொடுத்து, எழுத்தில் குறிப்பு வாங்குவோம்.

வாசிக்கத் தெரியாத அயலவர்களுக்கு இந்தப் பாடத்தின் 1ஆம், 6ஆம் பகுதிகளைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மற்றப் பகுதிகள் ஒரு சீற்றைக் காப்பாற்றும். இந்த இரண்டும் ஓர் உயிரைக் காப்பாற்றும்.